கடைசித் திருப்பம்

அமெரிக்க நாட்டில் ‘ஸ்டாக் கார்’ பந்தயம் என்பது பெயர் பெற்ற விளையாட்டு. ‘ஸ்டாக்’ என்னும் சொல் இங்கே கடையில் விற்பனைக்கு வைத்துள்ள சரக்கைக் குறிக்கும். பந்தயத்திற்கென்றே செய்த வண்டிகளை விடுத்து, எவரும் விலை கொடுத்து வாங்கத்தக்க கார்களை ஓட்டிப் போட்டியிடுவதே தொடக்கத்தில் இதன் நோக்கமாக இருந்தது. இப்பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் என்னும் கழகம் 1948-ஆம் ஆண்டில் தோன்றியது. நாளடைவில் பெயர் நிலைத்தது, பொருள் மாறிற்று. இன்று ஓடுபவை தோற்றத்தில் மட்டுமே கடைவண்டியை ஒத்தவை.

1995-ஆம் ஆண்டு முதல், பின்புறம் சரக்கேற்றும் தட்டுடைய டிரக் வண்டிகளின் வடிவில் அமைந்தவற்றுக்கும் தனிப் பந்தயத் தொடர் ஒன்று நடைபெற்று வருகின்றது. சரக்கு வண்டி என்றதும் ஆமை நடை என்று எண்ணிவிடலாகாது. இவை மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலும் விரையக் கூடியவை.

சக்கரங்கள் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பந்தயக் கார்கள் ஒன்றையொன்று தொட்டாலே பெருந்தீங்கு நேரும். டிரக்கின் சக்கரங்களோ மேற்கூட்டினுள் அடங்கியவை. ஆதலின் இங்கு உரசலும் இடித்தலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளப்படுகின்றன. அந்த அளவு யாது என்பதில்தான் வழக்கு எழுகின்றது.

திருப்பத்தை அணுகும் ஓட்டுநர் பிரேக்கை அழுத்துகின்றார். உடனே வண்டியின் பாரம் முன்புறம் சாய்கின்றது. பின்சக்கரங்கள் தரையைப் பற்றியுள்ள பிடி தளர்கின்றது. அந்நேரத்தில் பின்னால் வரும் வண்டி சற்றே இடித்தாலும் போதும். முன்வண்டி நெறி தவறிப் புறத்தே விலகிவிடும். நேர்வழியில் ஒரு குலுக்கலோடு போகும் இடி, திருப்பத்தில் பந்தயத்தின் முடிவையே மாற்றிவிடுகின்றது.

கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் போமன்வில் என்னும் ஊரருகே மாஸ்போர்ட் ஓடுகளம் உள்ளது. 1961-இல் திறக்கப்பெற்ற அக்களத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர், திருப்பங்கள் பத்து. பத்தாவது திருப்பத்தைக் கடந்தவுடன் முடிவுக்கோடு வந்துவிடும். 2013-ஆம் ஆண்டில் அங்கு நடந்த டிரக் பந்தயத்தில், 17 வயதுடைய சேஸ் எலியட் கடைசித் திருப்பத்தில் டை டில்லனின் வண்டியை இடித்து முன்னேறி வென்றார். டில்லனின் வண்டி ஓரத்தில் அடுக்கியிருந்த டயர் அரணில் மோதி நின்றது.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2016 செப்டம்பர் 4 அன்று அதே களத்தில் 18 வயதுடைய கோல் கஸ்டர் கடைசிச் சுற்றில் முன்னே சென்றுகொண்டிருந்தார். அடுத்து வந்தவர் 19 வயதுடைய ஜான் ஹண்டர் நெமெச்செக். பட்டத்திற்குப் போட்டியிட எண்மரைத் தெரிந்தெடுக்கும் முறை இத்தொடரில் அவ்வாண்டுதான் புகுத்தப்பெற்றிருந்தது. வெற்றி கண்டவர்க்கு அதில் முன்னுரிமை. நெமெச்செக் அவ்வாண்டு அட்லாண்டாவில் முன்னரே வென்றிருந்தார். கஸ்டருக்கோ அவ்வாண்டில் அதுவரை வெற்றி ஒன்றும் கிட்டவில்லை.

பத்தாவது திருப்பத்தில் நெமெச்செக்கின் வண்டி கஸ்டரின் வண்டியை இடித்தது. இரண்டும் பாதையை விட்டுப் புல்தரையில் இறங்கின. அதன் பின்னும் பிரியாமல், ஒன்றையொன்று நெருக்கியவாறு சுவரோரமாக உராய்ந்துகொண்டே கோட்டை நோக்கிச் சென்றன. முந்தியது யார் என்று உடனே துணிய இயலாமையால் நடுவர்கள் படப்பதிவை ஆராயலாயினர். அதற்குள் நெமெச்செக் இறங்கி வந்து வெற்றிக்குரிய கட்டக்கொடியைக் கேட்டார். கொடிக்காரர் தர மறுத்தார். அவ்வேளை கஸ்டர் ஓடிவந்து அவரைப் பாய்ந்து பிடித்துத் தரையில் தள்ளினார்.

இறுதியில் வெற்றி நெமெச்செக்குக்கே என்று தீர்ப்பாயிற்று. யார் முன்னே இருந்தார் என்பதைப் படம் காட்டிற்று. திருப்பத்தில் நேர்ந்த இடியையாவது வேகத்தின் பிழை என்று கொள்ளலாம். புல்தரையிலும் தொடர்ந்த நெருக்கலை அவ்வாறு கொள்வது எளிதன்று. ஆயினும் அது வேண்டுமென்றே செய்ததா, வண்டி கைமீறிப் போனதா என்பதைப் படம் எப்படிச் சொல்லும்?

பட்டத்திற்குரிய எண்மருள் நெமெச்செக் இடம் பெற்றார், கஸ்டர் பெறவில்லை. நாஸ்காரின் முதல்நிலைத் தொடரில் 2020-ஆம் ஆண்டு இருவரும் ஒருங்கே புதுமுகங்களாக ஓடினர். அவ்வாண்டு கென்டக்கிப் பந்தயத்தில் வென்றவர் கஸ்டர்.