முதுகில் ஆபரேஷன் செய்தால் கால் விழுந்துவிடுமா?
தாம்பரம் சானடோரியம் முதல் வேலூர் வரை ஒரு 'நடை'க் கதை

தாம்பரம்:

"சானடோரியம் வந்தாச்சா? இறங்குறவங்களுக்கு வழி விடுங்க சார்!"

தினமும் காலையில் மின்சார ரயிலில் கேட்கிற குரல்தான் இது. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த ஸ்டேஷனுக்கு இப்படி ஒரு பெயர் ஏன் வந்தது என்று, ஓடிப்போய் ஏறுகிற அவசரத்தில் யாரும் யோசிப்பதில்லை.

காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பெயர். 1928ல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து என்ற தமிழர் 12 படுக்கையோடு தொடங்கினார். அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே நோயாளியாகக் கிடந்தபோது வைத்தியம் பார்த்தவரும் இவரே. 1937ல் ஆஸ்பத்திரி அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

காசநோய் என்றால் இருமல், சளி, நுரையீரல் என்றுதான் நம் நினைப்பு போகும். ஆனால் அதே கிருமி ரத்தத்தில் ஏறி முதுகெலும்புக்கும் போய் உட்காரும். உட்கார்ந்தால் முதலில் தொலைவது இருமல் அல்ல, நடை!

இந்தத் தாம்பரம் பக்கத்திலே "முதுகுல ஆபரேஷன்" என்று சொன்னால் போதும். பெட்டிக்கடை வாசலில் நாலு பேர் கூடிவிடுவார்கள். "ஐயய்யோ, வேண்டாம்ணே! எங்க சித்தப்பா பண்ணிக்கிட்டு அப்புறம் எந்திரிக்கவே இல்ல!" என்பார் ஒருவர். எந்தச் சித்தப்பா, என்ன வியாதி, எவ்வளவு முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று யாரும் கேட்பதில்லை. ஆபரேஷனுக்கு முன்பே அவருடைய கால் பாதி போயிருக்கலாம். பழி மட்டும் கத்தியின் மேல்.

நொறுங்கும் எலும்பு

முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புக் கட்டைகள். நடுவில் 'ஜவ்வு' என்று நாம் சொல்கிற டிஸ்க். பின்பக்கத்து ஓட்டை வழியாக, மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம். கால் நடப்பதும், சிறுநீர் அடங்குவதும் அதன் வழியாக வருகிற உத்தரவினால்தான்.

காசநோய்க் கிருமி பெரும்பாலும் எலும்புக் கட்டையின் முன்பக்கத்தைத்தான் அரிக்கும். முன்பக்கம் நொறுங்கினால் முதுகு வளைந்து கூன் விழும். சீழ் கட்டித் தண்டுவடத்தை அழுத்தும். 1779லேயே லண்டனில் பெர்சிவல் பாட் என்ற சர்ஜன் இதை எழுதிவைத்தார். இன்றும் டாக்டர்கள் இதை 'பாட் நோய்' என்கிறார்கள்.

வருகிற அடையாளங்கள் சாதாரணம் போலத்தான் இருக்கும். விடாத முதுகுவலி. ராத்திரியில் அதிகம். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். உடம்பு இளைக்கும். "ஆபீஸ்ல நாள் பூரா உட்காருறேன், அதான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டிவிடுகிறார்கள் பலர்.

அதற்குப் பிறகு ஒருநாள் செருப்பு கழன்று விழும். விழுந்தது தெரியாது! பின்னால் வருகிறவர் கூப்பிட்டுச் சொன்னால்தான் தெரியும். தண்டுவடம் நசுங்க ஆரம்பித்துவிட்டது என்பதற்கு இதைவிடப் பச்சையான அடையாளம் வேறு இல்லை. காசநோயோ, கழுத்து எலும்புத் தேய்மானமோ, கட்டியோ, காரணம் எதுவானாலும் செருப்பு சொல்லும் சேதி ஒன்றுதான்.

சென்னை சொன்ன தீர்ப்பு

ஒரு காலத்தில் முதுகெலும்புக் காசநோய்க்கு வைத்தியம் என்றால் படுக்கைதான். மாதக்கணக்கில் அசையாமல் படுக்க வேண்டும். உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டர் சட்டை வேறு.

1956ல் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற இரண்டு சர்ஜன்கள் புதுவழி காட்டினார்கள். முன்பக்கமாகப் போய், கெட்டுப்போன எலும்பை முழுக்க எடுத்துவிட்டு, வேறிடத்து எலும்பைத் துண்டு போட்டு ஒட்டவைப்பது. நல்ல பலன். ஆனால் பெரிய ஆபரேஷன். ஏழை நாட்டில் எத்தனை பேருக்குச் செய்ய முடியும்?

கொரியாவில் சோதித்தார்கள். மாசான் நகரில் ஒரு பிரிவினருக்கு ஆறு மாதம் ஆஸ்பத்திரிப் படுக்கை, இன்னொரு பிரிவினர் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு. பூசானில் பாதிப் பேருக்குப் பிளாஸ்டர் சட்டை, பாதிப் பேருக்கு இல்லை. படுக்கையாலும் லாபமில்லை, பிளாஸ்டராலும் லாபமில்லை என்று முடிவு வந்தது!

அடுத்த கேள்வியைக் கேட்டது நம் சென்னை. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி நிலையமும், சென்னை ஆஸ்பத்திரிகளின் எலும்பு சிகிச்சைத் துறைகளும் 1970களில் ஒரு சோதனையைத் தொடங்கின. ஒரு பிரிவுக்கு ஹாங்காங் ஆபரேஷனும் ஆறு மாத மருந்தும். மற்ற இரண்டு பிரிவுக்கு ஆபரேஷனே கிடையாது. ஆறு மாதம் அல்லது ஒன்பது மாதம் மருந்து மட்டும். அவர்கள் படுக்கவும் வேண்டாம், நடமாடிக்கொண்டே மருந்து சாப்பிடலாம். பத்து வருஷம் விடாமல் பின்தொடர்ந்து 1999ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100க்கு 90 பேர் நல்ல நிலைமை. ஆறு மாத மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 94. ஒன்பது மாதக்காரர்களில் 99!

சரி, அப்படியானால் ஆபரேஷனே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். அறையைக் கடந்து நடக்கக்கூட முடியாதபடி கால் விழுந்துபோனவர்கள் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவே இல்லை. தண்டுவடம் அழுந்திக் கால் பலமிழந்துகொண்டே போனால், எலும்பு நிலைகுலைந்தால், கூன் அதிகமானால், மருந்துக்கு நோய் மசியாவிட்டால் ஆபரேஷன் தேவைப்படும். குழந்தைகள் விஷயத்தில் இன்னும் உஷார் வேண்டும். நோய் தீர்ந்த பிறகும் வளர வளரக் கூன் கூடலாம். எந்தக் குழந்தைக்கு அந்த ஆபத்து என்பதை எக்ஸ்-ரேயிலேயே கண்டுபிடிக்கும் அடையாளங்களைக் கோவை கங்கா ஆஸ்பத்திரி டாக்டர் எஸ். ராஜசேகரன் 2001ல் எழுதினார்.

இன்றைக்கு இந்தியாவில் முதுகெலும்புக் காசநோய்க்குப் பொதுவாக 12 மாதம் மருந்து. தேவைப்பட்டால் அதற்கு மேலும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்ததை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கினார்கள்.

எழுந்து நிற்கும் நாள்

காசநோயை விடுங்கள். வயதானவர்களுக்கு இப்போது அதிகம் வருவது இடுப்பு எலும்புத் தேய்மானமும் நரம்புப் பாதை நெருக்கமும்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து மார்க்கெட் போவதற்குள் நாலு இடத்தில் உட்காருவார்கள். கால் மரத்துப்போகும், கனக்கும். ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஹேண்டில்பார் மேல் சாய்ந்தபடி போனால் மைல் கணக்கில் போவார்கள்! மந்திரம் ஒன்றுமில்லை. முன்னால் குனிந்தால் நரம்புப் பாதை கொஞ்சம் அகலமாகிறது, அவ்வளவுதான்.

இவர்களுக்கு ஆபரேஷன் செய்தால் முதலில் திரும்பி வருவது நடக்கும் தூரம். நாலு இடத்தில் உட்கார்ந்தவர் ஒரே மூச்சில் மார்க்கெட் போய்விடுவார். ஆனால் பாதத்து மரமரப்பு உடனே போகாது. சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும், சிலருக்குப் போகாமலேயும் இருக்கும். முதுகுவலியும் அடியோடு போய்விடும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்.

பலருக்கு மறுநாளே கட்டிலிலிருந்து இறக்கி நிறுத்திவிடுகிறார்கள். சொந்தக்காரர்கள் பதறுகிறார்கள். "நேத்துதான் வெட்டித் தச்சிருக்காங்க, இன்னிக்கு நடக்கச் சொல்றாங்களே!" படுத்தே கிடந்தால்தான் ஆபத்து. காலில் ரத்தம் கட்டும், நெஞ்சில் சளி கட்டும், தசை கரையும்.

எழுந்திருப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மல்லாந்தபடி எம்பக் கூடாது. மரக்கட்டை உருளுவது மாதிரி தோளும் இடுப்பும் சேர்ந்து ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும்.

தண்டுவடம் அடிபட்டவர்களின் நடை வேறு மாதிரி. கால் விறைத்து, கத்தரிக்கோல் போல ஒன்றோடொன்று உரசும். சிலருக்கு முன்பாதம் தூக்காது. தரையில் இழுபடும், செருப்பு நுனி தேயும். அதற்குப் பிளாஸ்டிக் பட்டை வைத்துக் கட்டுகிறார்கள். இன்னும் சிலருக்குப் பலம் இருக்கும், ஆனால் தரை எங்கே இருக்கிறது என்று காலுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் காலை வைப்பார்கள். கரண்ட் போனால் விழுவார்கள்! இப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் பாத்ரூம் போகிற வழியில் ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? பத்தில் எட்டுப் பேர் தப்பாகத்தான் பிடிக்கிறார்கள் என்பது நம் கண்ணில் பட்ட கணக்கு. பலமில்லாத கால் வலது கால் என்றால் தடி இடது கையில்! மாடிப்படிக்கு டாக்டர்கள் சொல்லும் கணக்கு சுலபம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலமில்லாத கால் முதலில். ரயில்வே மேம்பாலப் படியில் ஓரமாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இப்படி ஒரு ஆள் இறங்கினால், பின்னால் இருந்து "சீக்கிரம் போய்யா" என்று நெட்டாதீர்கள். அவருக்கு அந்த ஒரு படி ஒரு பரீட்சை.

வீட்டு வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சம்பிலிருந்து தண்ணீர்க் குடம் தூக்குவது, தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, கீழே குந்துகிற கக்கூஸ், மழைக்காலத்துப் பள்ளத்தில் ஸ்கூட்டர் சவாரி. எல்லாமே டாக்டர் சொல்லும் நாள்வரை ஒத்திவைக்க வேண்டியவை. கக்கூஸுக்கு நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று வாங்கினால் போதும். அதற்குப் போய் வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்!

ஒரு எச்சரிக்கை. ஆபரேஷனுக்கு முன்போ பின்போ, திடீரென்று சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்தாலோ, கால் பலம் சட்டென்று குறைந்தாலோ, "விடியட்டும் பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி.

வீல் சேரில் உட்கார்ந்து ஆபரேஷன்!

நடை திரும்பாதவர்கள்? அவர்களும் இருக்கிறார்கள். மறைத்துப் பயனில்லை.

1954ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் டாக்டர் மேரி வர்கீஸ், கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்தார். கேரளத்துப் பெண். வயது 30கூட ஆகவில்லை. இனி என்ன செய்வாய் என்று உலகம் கேட்டபோது, அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளுக்கு ஆபரேஷன் செய்தார்! பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அந்தத் துறையை வேலூரில் உண்டாக்கினார். 1966ல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972ல் பத்மஸ்ரீ. 1986ல் காலமானார்.

மரத்தில் ஏறி விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், லாரி மோதியவர் என்று தண்டுவடம் முறிந்த ஏழை ஜனங்கள் அங்கே போய் நாற்காலியில் ஏறி இறங்கவும், படுக்கைப் புண் வராமல் உடம்பைப் புரட்டவும், திரும்பிப் போய்ப் பிழைக்கவும் கற்றுக்கொண்டார்கள். சென்னையில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனையும், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனமும் நம் தென்பகுதிக்காரர்களுக்கு எட்டுகிற தூரத்திலேயே இருக்கின்றன. இருப்பது தெரியாமல் வீட்டு மூலையில் கட்டில் போட்டுக் கிடப்பவர்கள் எத்தனை பேரோ!

பஸ் குனிகிறது, பிளாட்பாரம்?

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931ல். ஆனால் ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி, தடி ஊன்றுகிறவரின் நெஞ்சைப் பதற வைக்கிறது. முதுகு ஆபரேஷன் ஆன ஆசாமி ஆபீஸ் போக ஆரம்பித்தால், முதல் சில வாரம் கூட்ட நேரத்தைத் தவிர்த்து ஒரு மணி நேரம் முன்பின்னாகப் போக மேலதிகாரிகள் அனுமதித்தால் புண்ணியம்.

பஸ்ஸில் ஒரு நல்லது நடந்தது. கோர்ட் வரை போய் மாற்றுத் திறனாளிகள் போராடிய பிறகு, 2024ல் சென்னை மாநகர பஸ்களில் தாழ்தள வண்டிகள் வந்தன. நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து குனிந்து கொடுக்கும். சக்கர நாற்காலி ஏறப் பலகையும் உண்டு.

குனிந்து கொடுத்த பஸ்ஸிலிருந்து இறங்கிய மனிதர் அடுத்த காலை எங்கே வைப்பது? நடைபாதையில் பாதி ஜெனரேட்டர், பாதி ஸ்கூட்டர், மீதியில் "இன்று மட்டும் தள்ளுபடி" போர்டு. அவர் தடியோடு ரோட்டில்தான் இறங்குகிறார், லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில்.

கடைக்கார அண்ணாச்சிகளே, அந்த போர்டை மட்டும் இரண்டடி உள்ளே தள்ளி வைக்க முடியுமா?