சகுந்தலா தேவி

சகுந்தலா தேவி (நவம்பர் 4, 1929 - ஏப்ரல் 21, 2013) பெங்களூரில் பிறந்த மனக்கணக்கு வல்லுநர், மேடைக் கலைஞர், சோதிடர், எழுத்தாளர் ஆவார். மனிதக் கணினி எனப் பரவலாக அறியப்பட்டவர்.

வாழ்க்கை

இவரது தந்தை ஒரு சர்க்கஸ் கலைஞர். சகுந்தலாவுக்கு ஏறத்தாழ மூன்று வயதானபோது, சீட்டு வித்தைகளின் வழியே அவரது எண் நினைவாற்றலைத் தந்தை கண்டறிந்தார். பின்னர் சர்க்கஸை விட்டு விலகி, மகளைக் கொண்டு காட்சிகள் நடத்தினார். 1944 இல் இருவரும் இலண்டன் சென்றனர்.

சாதனைகள்

1977 இல் அமெரிக்காவில், 201 இலக்க எண் ஒன்றின் 23 ஆம் மூலத்தை 50 வினாடிகளில் கூறினார். ஜூன் 18, 1980 அன்று இலண்டன் இம்பீரியல் கல்லூரியில், இரு 13 இலக்க எண்களை 28 வினாடிகளில் பெருக்கினார். இது கின்னஸ் நூலில் இடம்பெற்றது.

ஆற்றலின் தன்மை

1988 இல் இவரைச் சோதித்த உளவியலாளர் ஆர்தர் ஜென்சன், இவரது அடிப்படை மறுவினை வேகம் இயல்பானதே எனக் கண்டார். முழுக்கனங்களின் மூலம் காண எளிய வழிகளும் உள்ளன. எடுத்துக்காட்டாக, 39,304 இன் கடைசி இலக்கம் 4. எனவே கனமூலமும் 4 இல் முடியும். ஆயிரங்களாகிய 39 என்பது 27 க்கும் (3 இன் கனம்) 64 க்கும் (4 இன் கனம்) இடைப்பட்டது. எனவே முதல் இலக்கம் 3. விடை 34.

சோதிடம்

சகுந்தலா தேவி சோதிட ஆலோசனைகள் வழங்கியதுடன் சோதிட நூலும் எழுதினார். அவரது கணக்குகளின் விடைகளை எவரும் சரிபார்க்க இயலும். சோதிடப் பலன்கள் அத்தகையன அல்ல. எனவே முன்னதில் பெற்ற புகழ் பின்னதற்குச் சான்றாகாது.