ஆம்பூர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது?

இது ஒரு கேள்வியா என்று சிரிக்காதீர்கள் நண்பர்களே! தாத்தாவைக் கேட்டால் வட ஆற்காடு என்பார். 1989 செப்டம்பர் 30-ல் அது பிரிந்து நம்ம திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் பிறந்தபோது, ஆம்பூர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் நின்றது. தலைவர்கள் பெயரை மாவட்டங்களிலிருந்து எடுத்தபின் வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் 28 முதல் திருப்பத்தூர் மாவட்டம். ஊர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கம்ப்யூட்டருக்கு மட்டும் நாலு பதில்!

டேட்டா வேர்ஹவுஸ் எனும் தகவல் கிடங்குக்கு இதுதான் தலைவலி. தினசரி பில் போடுவதற்கு இன்றைய நிலவரம் போதும். கிடங்கோ பல வருஷக் கணக்கை ஒப்பிடுவதற்கென்றே கட்டப்படுவது.

ஆம்பூரில் ஒரு செருப்புக் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். வேலூரை அழித்துத் திருப்பத்தூர் என்று எழுதிவிட்டால், 2015-ம் வருஷ விற்பனையும் அன்று இல்லாத மாவட்டத்தின் பேரில் வந்து நிற்கும். ரால்ஃப் கிம்பால் 1996-ல் எழுதிய நூலில் இதற்கு மூன்று வகை சொன்னார். அழித்து எழுதுவது முதல் வகை. பழைய வரியை முடித்துப் புதிய வரி சேர்ப்பது இரண்டாம் வகை. பக்கத்திலேயே 'பழைய மாவட்டம்' என்று ஒரு கட்டம் வைப்பது மூன்றாம் வகை. நாலு பெயர் கண்ட ஆம்பூருக்கு அது காணாது.

இரண்டாம் வகையில் ஒவ்வொரு வரிக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, தனி எண் உண்டு. நடப்பு வரிக்கு முடிவுத் தேதி 9999 டிசம்பர் 31 என்று போடுவார்கள். (அதுவரை மாவட்டம் பிரிக்க மாட்டார்கள் என்று என்ன நம்பிக்கை!) விற்பனை நடந்த அன்று எந்த வரி உயிரோடு இருந்ததோ, அதன் எண்ணே பதிவாகும்.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2011 சென்சஸில் வேலூர் மாவட்ட மக்கள்தொகை 39,36,331. அது ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் சேர்ந்திருந்த வேலூர். தெரியாமல் இன்றைய வேலூரோடு ஒப்பிட்டால் ஊரே காலியானது போலத் தோன்றும். சென்சஸ்காரர்கள் பழைய எண்களைப் புதிய எல்லைக்கு மாற்றிக் கணக்கிட்டுத்தான் ஒப்பிடுவார்கள். ஆகவே அன்றைய மாவட்டம், இன்றைய மாவட்டம் இரண்டுமே கிடங்கில் வேண்டும்.

இனி பிழைக்கு வருவோம். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. அதன் பின்கோடு 630211, நம்ம பக்கத்துத் திருப்பத்தூருக்கு 635601. மாற்றிப் போட்டதைத் திருத்தும்போது புதிய வரி சேர்த்தால், வாடிக்கையாளர் சிவகங்கையில் குடியிருந்ததாகச் சரித்திரமே எழுதிவிடுவோம். என்றைக்குமே உண்மையாக இல்லாததை அழித்துத்தான் எழுத வேண்டும். பழைய மதிப்பையும் திருத்திய தேதியையும் தனிப் பதிவில் வைத்தால் போதும். சங்கடம் என்னவென்றால், மூலத்திலிருந்து வருவது புதிய மதிப்பு மட்டும்தான். வீடு மாறினாரா, கிளார்க் தப்பாக அடித்தாரா என்று அது சொல்லாது. 'காரணம்' என்று ஒரு கட்டம் கேட்டு வாங்க வேண்டும். கிடங்கில் மட்டும் திருத்தினாலும் பயனில்லை, நாளைக்கு அதே தப்பு திரும்ப வந்து இறங்கும்.

நம் வகுப்பிலேயே பத்தாவது மார்க் ஷீட்டில் வேலூர் மாவட்டம், இப்போது வாங்கிய வருமானச் சான்றிதழில் ராணிப்பேட்டை மாவட்டம் என்று இருப்பவர்கள் உண்டு. இரண்டும் சரி. 'பொருந்தவில்லை' என்று ஒரு புரோகிராம் ஸ்காலர்ஷிப் மனுவைத் தள்ளினால், பீஸ் கட்ட ஓடுவது அந்தப் பையனின் அப்பாதான். பொருந்தாத வரியைத் தூக்கி எறியாமல் தனி டேபிளில் நிறுத்தி, ஒரு மனிதர் பார்க்கும்படி செய்ய வேண்டும்.

வழக்கத்துக்கு மாறான எண்ணெல்லாம் பிழையும் அல்ல. பஸ் டிக்கெட் கணக்குக்கு மாதிரி புரோகிராம் எழுதியபோது, சராசரியைப் போல ஐந்து மடங்கு வந்தால் தள்ளு என்று போட்டேன். கிரிவலப் பௌர்ணமிகள் அத்தனையும் பிழைப் பட்டியலுக்குப் போய்விட்டன!