‘போட்டுக்குப் போறேன்’னு சொல்ற தம்பிக்கு என்ன சொல்றது?

(எபிசோடின் தொகுத்த எழுத்து வடிவம்)

இந்த வார எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்டால வந்தது. கிள்ளையைச் சேர்ந்த ஒரு தங்கச்சி, இப்போ சென்னையில வேலை பார்க்கிறாங்க. அவங்க அனுப்பினது இது:

“அண்ணா, என் தம்பி பத்தாவது. ஸ்கூலுக்குப் போறான், வர்றான். புக்கை எடுடான்னா எழுந்து வெளியே போயிடறான். பரீட்சை முடிஞ்சதும் போட்டுக்குப் போறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டான். வீட்ல எல்லாரும் அட்வைஸ் பண்ணிப் பார்த்துட்டோம். நீங்க மோட்டிவேஷனா ஒரு எபிசோட் போடுங்க, அவனைக் கேக்க வைக்கிறேன்.”

மோட்டிவேஷன் எபிசோட் போடப் போறதில்லை. ஏற்கெனவே வீட்ல நாலு பேர் பேசிப் பார்த்தாச்சு. அஞ்சாவது ஆளா மைக் வச்சுக்கிட்டு நான் பேசினா மட்டும் என்ன மாறப் போகுது? அதுக்குப் பதிலா, படிக்க விருப்பம் இல்லாத ஆட்கள் எப்போ படிக்க ஆரம்பிச்சாங்கன்னு பார்ப்போம். நம்ம ஊர்லயே அதுக்கு நல்ல வரலாறு இருக்கு.

முதல்ல ஊர். பிச்சாவரம் போட்டிங் போனவங்க எல்லாரும் கிள்ளையைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. கடலூர் மாவட்டத்துப் பேரூராட்சி, சிதம்பரத்துல இருந்து பஸ்ல அரை மணி நேரம். ஒரு பக்கம் அலையாத்திக் காடு, இன்னொரு பக்கம் முடசல் ஓடை மீன்பிடி தளம். நாம ரீல்ஸ் எடுத்துட்டுத் திரும்பிடறோம். அங்கே இருக்கிற 15 வயசுப் பையனுக்கு தினமும் கண்ணுல படுறது வேற. போட்டுக்குப் போன அண்ணன் கையில அன்னைக்கே காசு இருக்கு, புது போன் இருக்கு. டிகிரி முடிச்ச அண்ணன் வீட்ல உட்கார்ந்து எக்ஸாமுக்கு அப்ளை பண்ணிக்கிட்டே இருக்கான். படிச்சு நல்ல வேலைக்குப் போனவங்க ஊர்ல இல்லை, பொங்கலுக்குத்தான் வர்றாங்க. ஆக, படிப்பால என்ன கிடைக்கும்னு அவன் போடுற கணக்குல, கிடைச்சவங்க யாருமே இல்லை.

சோம்பேறின்னு நாம சொல்றோம். எனக்கு அவன் கணக்கு போடத் தெரிஞ்சவனாத்தான் தெரியுது. அவன்கிட்ட இருக்கிற டேட்டாதான் குறைவு.

இதைச் சோதிச்சுப் பார்த்தவர் ஒருத்தர் இருக்கார். ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர், டொமினிகன் குடியரசுல பண்ணின ஆய்வு, 2010-ல வெளியாச்சு. 8-ம் வகுப்பு முடிக்கிற பையன்கள்கிட்ட, ‘ஹைஸ்கூல் முடிச்சா எவ்வளவு சம்பளம் கிடைக்கும்னு நினைக்கிறீங்க’ன்னு கேட்டார். நிஜத்துல கிடைக்கிறதைவிட ரொம்பக் குறைச்சுச் சொன்னாங்க. அப்புறம் சில பள்ளிகள்ல மட்டும் உண்மையான சராசரியைச் சொன்னார். அறிவுரை எதுவும் கிடையாது, வெறும் எண். அந்தப் பையன்கள் அடுத்த 4 வருஷத்துல மத்தவங்களைவிட சராசரியா 0.20-ல இருந்து 0.35 வருஷம் கூடுதலா படிச்சாங்க. ஒரு தகவலைச் சொன்னதுக்கே இவ்வளவு.

ஆனா இதுல இன்னொரு பாதி இருக்கு, அதை யாரும் மேடையில சொல்றதில்லை. ரொம்ப ஏழைக் குடும்பத்துப் பையன்களும் அந்த எண்ணை நம்பினாங்க. படிப்பு நல்ல வருமானம் தரும்னு மனசு மாறினாங்க. இருந்தும் அவங்க படிப்பு கிட்டத்தட்ட நகரவே இல்லை. ஆசை வந்தும் கையில காசு இல்லைன்னா ஸ்கூல்ல இருக்க முடியாது, அவ்வளவுதான்.

இது சிதம்பரத்துக்கு 100 வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். 1916-ல சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டவங்கன்னு ஒதுக்கி வச்ச பிள்ளைகளுக்கான பள்ளி, ஓமக்குளத்துல. அதோட விடுதியும் வந்தது. எனக்கு அந்த விடுதிதான் முக்கியமாப் படுது. வயல் வேலைக்குப் போனாத்தான் சாப்பாடுன்னு இருக்கிற பிள்ளைகிட்ட ‘படி’ன்னு சொல்றதுக்கு முன்னாடி, அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு பதில் வேணும். இன்னைக்கு அந்தப் பதிலோட ஒரு துண்டு, மாசம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில 6-ல இருந்து 12 வரை படிச்சுட்டு மேல படிக்கிற பெண்களுக்கு 2022-ல வந்த புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-ல வந்த தமிழ்ப் புதல்வன். 1,000 ரூபாய்ல குடும்பம் நடக்காதுன்னு கமெண்ட்ல சொல்லுவீங்க. நடக்காதுதான். ஆனா பஸ்ஸுக்கும் போன் ரீசார்ஜுக்கும் அப்பாகிட்ட கை நீட்ட வேண்டாம். 17 வயசுப் பையனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சரி, காசு ஒரு பக்கம் இருக்கட்டும். புக்கையே தொடாதவன் எப்படிப் படிப்பான்?

இதுக்கு நான் கூப்பிடப் போறது புதுக்கோட்டையை. 1991-ல அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். கல்லு உடைக்கிற, வயல் வேலை பார்க்கிற பெண்கள், பகல் முழுக்க உழைச்சுட்டு ராத்திரி விளக்கு வெளிச்சத்துல எழுத்து படிக்கணும். யோசிச்சுப் பாருங்க, நமக்கு ஆபீஸ் முடிஞ்சு வந்து பத்து நிமிஷ கோர்ஸ் வீடியோ பார்க்கவே முடியலை. எதுக்கு வரணும் அவங்க?

இயக்கம் ரெண்டு விஷயம் பண்ணுச்சு. ஒண்ணு, பாடப் புத்தகம். குழந்தைகளுக்குச் சொல்ற மாதிரி அணில், ஆடுன்னு ஆரம்பிக்கலை. தொடக்கத்துலயே வந்த சொல் ‘பட்டா’. நிலம் இல்லாத ஒரு பெண்ணுக்கு, நிலம் இருந்தும் யார் பேர்ல இருக்குன்னு தெரியாத ஒரு பெண்ணுக்கு, அந்த மூணு எழுத்து வெறும் எழுத்து இல்லை. பிரேசில்ல பாலோ ஃப்ரெய்ரேவும் 1963-ல இதே மாதிரிதான், கூலித் தொழிலாளிகளோட அன்றாடச் சொற்களை வச்சு எழுத்து சொல்லிக் கொடுத்தார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், திருச்சி தாண்டினா புதுக்கோட்டை.

ரெண்டாவது, சைக்கிள். எழுத்தறிவுத் திட்டத்துக்குள்ள சைக்கிள் ஓட்டக் கத்துக்கிறதையும் சேர்த்தாங்க. கிண்டல் பண்ணினாங்க, அசிங்கமாப் பேசினாங்க. அதையும் தாண்டி 1992 மகளிர் தினத்துல 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள்ல புதுக்கோட்டை நகரத்துக்குள்ள வந்தாங்கன்னு பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கார். சைக்கிளுக்கும் எழுத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, தானாப் போக முடிஞ்சவங்களுக்கு பஸ் போர்டு, ரேஷன் கடை பலகை, பேங்க் சலான் எல்லாம் படிக்க வேண்டிய பொருளா ஆயிடுச்சு. படிக்கிற தேவை முதல்ல வந்தது, ஆர்வம் அது பின்னாடியே வந்தது. நாம பொதுவா இதைத் தலைகீழா எதிர்பார்க்கிறோம்.

இப்போ கிள்ளைக்குத் திரும்புவோம். தம்பிக்கு போட்டுதான் பிடிக்கும்னா, போட்டுல இருந்தே ஆரம்பிங்க. இன்னைக்கு கடலுக்குப் போறது வெறும் கைப்பழக்கம் இல்லை. ஜிபிஎஸ் இருக்கு, மீன் கூட்டத்தைக் காட்டுற எக்கோ சவுண்டர் இருக்கு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட ஃபிஷர் ஃப்ரெண்ட் ஆப்ல அலை உயரம், காத்து வேகம், மீன் இருக்க வாய்ப்புள்ள பகுதி எல்லாம் தமிழ்லயே வருது. ‘டேய், நாளைக்கு எந்தப் பக்கம் போனா நல்லதுன்னு பார்த்து அப்பாவுக்குச் சொல்லு’ன்னு பொறுப்பைக் கொடுங்க. அவன் தினமும் ஒரு அட்டவணை படிப்பான். அட்சரேகை, தீர்க்கரேகை எதுக்குன்னு ஜியோகிராபி மிஸ்ஸைவிட நல்லா அவனுக்குப் புரியும். அதைப் படிப்புன்னு மட்டும் பேர் வைக்காதீங்க. வச்சா எழுந்து போயிடுவான்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. மத்திய அரசோட சிஃப்நெட்னு ஒரு நிறுவனம் இருக்கு. மீன்பிடிக் கப்பல் ஓட்டவும் அதோட இன்ஜின் பார்க்கவும் பயிற்சி தர்ற இடம். தலைமையிடம் கொச்சி, சென்னையிலயும் ஒரு கிளை இருக்கு. வெசல் நேவிகேட்டர், மரைன் ஃபிட்டர்னு ரெண்டு வருஷப் பயிற்சி. 10-வது முடிச்சவங்க நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம், கணிதத்துலயும் அறிவியல்லயும் எடுத்த மார்க்கைப் பார்ப்பாங்க. ‘போட்டுக்குப் போறேன்’னு சொல்றவன்கிட்ட, ‘போகாதே’ன்னு சொல்ற வாக்கியமும் ‘போறதுக்கு இப்படி ஒரு வழி இருக்கு, அதுக்குக் கணக்குல இவ்வளவு வேணும்’னு சொல்ற வாக்கியமும் ஒண்ணு இல்லை. ரெண்டாவதைச் சொன்னா கணக்குப் புத்தகம் அவன் பக்கம் வந்துடுது. கண்டிப்பா எடுத்துப் படிச்சுடுவான்னு நான் சொல்லலை. குறைஞ்சது, புக் அவனுக்கு எதிரி கிடையாது.

ப்ளானிங் பத்தியும் ஒரு வார்த்தை. ‘பத்து வருஷம் கழிச்சு என்னவா ஆகணும்’னு 15 வயசுல கேக்கறதை எல்லாரும் நிறுத்தலாம். எனக்கு இந்த வருஷக் கடைசியில எந்த ப்ராஜெக்ட்ல இருப்பேன்னே தெரியாது. அவனுக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம்: இந்தக் கதவைத் திறந்தா, அடுத்து எந்தக் கதவு பூட்டாது. 10-க்கு அப்புறம் ப்ளஸ் ஒன் போகலைன்னா எல்லாம் முடிஞ்சுதுன்னு பயமுறுத்துறோம். நிஜம் வேற. ரெண்டு வருஷ ஐடிஐ முடிச்சா டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துல சேரலாம். டிப்ளமோ முடிச்சா பி.இ. ரெண்டாம் வருஷத்துல சேரலாம். கல்லூரியில என்கூட படிச்சவங்கள்ல லேப்ல எதுக்கும் பயப்படாதவங்க இந்த லேட்டரல் என்ட்ரி ஆட்கள்தான். ப்ளஸ் டூ வழியாப் போனாலும், 6-ல இருந்து 12 வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு இன்ஜினியரிங், வேளாண்மை, மீன்வளம், சட்டம் மாதிரி படிப்புகள்ல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021-ல இருந்து இருக்கு. பி.இ.க்கு அந்த ஒதுக்கீட்டுல சேர்ந்தா படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுது.

ஆனா கோட் எழுதுறவங்களுக்குத் தெரியும், எல்லா லைனும் சரியா இருந்தும் ஒரு டிபென்டன்ஸி இல்லைன்னா ப்ரோக்ராம் ஓடாது. கிள்ளையில அந்த டிபென்டன்ஸி ஒரு பேப்பர்.

கிள்ளை எம்ஜிஆர் நகர்ல இருளர் மக்கள் இருக்காங்க. பிச்சாவரம் ஓடைகள்ல இறங்கி, பறியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு, கையாலயே தடவி இறால் பிடிக்கிறவங்க. பழங்குடியினர் சான்றிதழ் அவங்களுக்கு நீண்ட காலப் போராட்டம். மத்த சமூகச் சான்றிதழ் தாலுகா அலுவலகத்துல முடியும். பழங்குடியினர் சான்றிதழை கோட்டாட்சியர் இல்லைன்னா சார் ஆட்சியர்தான் தரணும், விசாரணை நடக்கணும். அப்பா, அம்மாகிட்ட அந்தச் சான்றிதழ் இல்லைன்னா பிள்ளைக்கு அது பெரிய மலை. சான்றிதழ் இல்லைன்னா ஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகிட்ட போய் ‘நீ ஏன் ஆர்வமாப் படிக்கலை’ன்னு கேக்கறதுக்கு ஒரு தைரியம் வேணும். திண்டிவனத்துல பேராசிரியர் பிரபா கல்விமணியோட பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் 1990-கள்ல இருந்து இந்த மக்களுக்காக நிக்குது, சான்றிதழ் கேட்டு அலையுறதும் அதுல ஒரு பெரிய பகுதி.

‘ஜெய் பீம்’ கடைசி ஷாட் எல்லாரும் ஸ்டேட்டஸ் வச்சோம், அந்தக் குட்டிப் பொண்ணு கால் மேல கால் போட்டு பேப்பர் படிக்கிறது. அந்தப் படத்துக்கு அடிப்படையான 1993 வழக்கு இதே கடலூர் மாவட்டத்துல நடந்தது. (நிஜத்துல அந்தக் குடும்பம் குறவர் சமூகம், படத்துல இருளர்னு மாத்தினாங்க.) அதுல ராத்திரி பாடம் எடுக்கிற மைத்ரா டீச்சர்தான் ஆவணம் கேட்டு ஆபீஸ் ஆபீஸா அலையுறாங்க. எழுத்து சொல்லிக் கொடுக்கிற ஆளே சர்டிபிகேட்டுக்கும் அலைய வேண்டியிருக்குன்னு காட்டின அந்தப் பகுதியை யாரும் ஸ்டேட்டஸ் வைக்கலை. நானும்தான்.

உங்க வீட்ல, தெருவுல இந்த வருஷம் பத்தாவது எழுதுற யாராவது இருந்தா, நீங்க செய்யக்கூடிய உருப்படியான வேலை அவங்ககூட இ-சேவை மையத்துக்குப் போறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்ல யாரும் டிகிரி முடிக்கலைன்னா முதல் பட்டதாரிச் சான்றிதழ். ஆதார்லயும் டிசிலயும் பேர் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு இப்பவே பாருங்க. இனிஷியல் மாறியிருந்தா மே மாசம் அழுது பிரயோஜனம் இல்லை.

இதுக்கு ஒரு தேதியும் இருக்கு. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப் படகு போகாது. பத்தாவது ரிசல்ட் வர்றதும், ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் விண்ணப்பம் போடுறதும் பெரும்பாலும் அந்த நாட்களுக்குள்ளதான். அப்பா வீட்ல இருப்பார், போட்டு கரையில இருக்கும், பையனும் சும்மா இருப்பான். உட்கார்ந்து பேச, ஒரு பாலிடெக்னிக்கை நேர்ல போய்ப் பார்க்க, பேப்பரெல்லாம் வாங்க அந்த 61 நாள் இருக்கு. ஜூன் 15 காலையில போட்டு கிளம்பிடும்.

அடுத்த எபிசோட்ல ஐடிஐ ட்ரேடு எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு, வெல்டிங் முடிச்சு இப்போ கப்பல் கட்டுற இடத்துல வேலை பார்க்கிற ஒருத்தர்கூடப் பேசப் போறேன். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள இருந்தா நல்லது.