21-ஐத் தாண்டினால் பணம் போச்சு!

'பிளாக்ஜாக்' சீட்டாட்டத்தின் விதிகளும், மேஜை வார்த்தைகளும்

காலை 8 மணி. கல்யாணில் இருந்து வரும் லோக்கல் ரெயில். கால் வைக்க இடம் இல்லை. அந்த நெரிசலிலும் நான்கு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நடுவில் ஒரு பெட்டியை வைத்துச் சீட்டு போடுகிறார்கள்.

மும்பைத் தமிழர்களுக்கு இது தினசரிக் காட்சி. ரம்மி தெரியாதவர்கள் நம்மில் குறைவு.

சயானில் குடியிருக்கும் நமது நண்பர் ஒருவரும் ரம்மியில் கெட்டிக்காரர். ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஆபீஸ் சகாக்கள் கோவாவுக்குக் கிளம்பியபோது இவரும் சேர்ந்து கொண்டார். பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போக எடுத்து வைத்திருந்த 10 ஆயிரம் ரூபாயும் சட்டைப் பையில் இருந்தது.

பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல் ஒன்றில் ஏறினார்கள். "சீட்டுதானே, பார்த்துக்கொள்ளலாம்" என்று அரைவட்ட மேஜை ஒன்றில் போய் உட்கார்ந்தார்.

ஒரே மணி நேரம். 10 ஆயிரமும் போய்விட்டது!

"ஏமாற்றி விட்டார்களா?" என்று கேட்டோம்.

"இல்லை அண்ணே. எல்லாம் என் கண் எதிரேதான் நடந்தது. அவர்கள் கேட்ட வார்த்தைக்கு அர்த்தம் தெரியாமல் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்" என்றார்.

அது என்ன ஆட்டம்? என்ன வார்த்தை?

வயதான ஆட்டம்

இதன் பழைய பெயரே 'இருபத்தொன்று'தான். ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் செர்வான்டிஸ் 1613-ல் வெளியிட்ட கதை ஒன்றில், இரண்டு போக்கிரிப் பையன்கள் இந்த ஆட்டத்தில் ஏமாற்றிப் பிழைக்கிறார்கள். பிரான்சிலும் அதே பொருள் தரும் பெயர்தான். 'பிளாக்ஜாக்' என்பது அமெரிக்கா வைத்த பெயர்.

2 முதல் 10 வரை உள்ள சீட்டுகளுக்கு அதே மதிப்பு. ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் 10. ஏஸ் மட்டும் பச்சோந்தி: 1 என்றும் வைத்துக்கொள்ளலாம், 11 என்றும் வைத்துக்கொள்ளலாம். பூ, நிறம், ஜாதி எதுவும் பார்ப்பது இல்லை.

பந்தயம் கட்டியவருக்கு இரண்டு சீட்டு. சீட்டு போடும் ஊழியருக்கும் இரண்டு. அவரை 'டீலர்' என்பார்கள். டீலரின் ஒரு சீட்டு திறந்து இருக்கும், மற்றது கவிழ்ந்து இருக்கும். சில மேஜைகளில் அந்த இரண்டாவது சீட்டைக் கடைசியில்தான் எடுப்பார்கள்.

பக்கத்தில் இருப்பவர் உங்களுக்கு எதிரி அல்ல. எதிரி டீலர் ஒருவரே. 21-ஐத் தாண்டாமல் அவரை விட அதிகம் வைத்திருந்தால் ஜெயம். சமமாக இருந்தால் 'புஷ்': கட்டிய பணம் திரும்பி வரும். தாண்டினால் 'பஸ்ட்': பணம் போயிற்று.

முதல் இரண்டு சீட்டே ஏசும் ஒரு பத்தும் என்றால் அதுதான் 'பிளாக்ஜாக்'. ஒரே கட்டில் ஆடினால், சுமார் 21 ஆட்டத்துக்கு ஒரு முறை இது வரும். (21-க்கும் இந்த 21-க்கும் சம்பந்தம் இல்லை. தற்செயல்!)

மேஜை வார்த்தைகள்

இன்னொரு சீட்டு வேண்டும் என்றால் 'ஹிட்'. வாயால் சொல்லக்கூடாது. மேஜையை விரலால் தட்ட வேண்டும். போதும் என்றால் 'ஸ்டாண்ட்'. உள்ளங்கையைக் கவிழ்த்து விசிற வேண்டும். மேலே உள்ள கேமராவுக்காகத்தான் இந்தச் சைகை.

'டபுள்' என்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கி, ஒரே ஒரு சீட்டு மட்டும் வாங்குவது. கையில் 11 இருந்தால் இது பெரும்பாலும் நல்ல முடிவு. 'ஸ்பிளிட்' என்றால் ஜோடியைப் பிரித்து, இன்னொரு பந்தயமும் கட்டி, இரண்டு கையாக ஆடுவது. ஏஸ் ஜோடியையும் 8 ஜோடியையும் பிரிக்கலாம். பத்து ஜோடியைப் பிரிக்கவே கூடாது. 20 என்பது கைக்குள் இருக்கும் பழம். நண்பர் அதைத்தான் பிரித்தார்!

அடுத்தது 'இன்சூரன்ஸ்'. நண்பரைக் கவிழ்த்த வார்த்தை இது.

டீலரின் திறந்த சீட்டு ஏஸ் என்றால், "இன்சூரன்ஸ் வேண்டுமா?" என்று கேட்பார்கள். மாதா மாதம் பாலிசிக்குப் பணம் கட்டும் மனிதர், நல்லதுதானே என்று தலையை ஆட்டினார். பந்தயத்தில் பாதியைத் தனியாக வைத்தார்கள். டீலரின் அடுத்த சீட்டு பத்தாக இருந்தால் அந்தப் பாதிக்கு இரண்டு மடங்கு கிடைக்கும். இல்லாவிட்டால் அது போச்சு.

கணக்கு பார்ப்போம். 13 வகைச் சீட்டில் பத்து மதிப்பு உள்ளவை 4, மற்றவை 9. நூறு நூறு ரூபாயாக 13 முறை கட்டினால், சராசரியாக 4 முறை 200 வீதம் 800 ரூபாய் வரும். 9 முறை 100 வீதம் 900 ரூபாய் போகும். பெயர்தான் இன்சூரன்ஸ். அதுவும் ஒரு தனிப் பந்தயம்தான்.

இன்னொரு விஷயம் மேஜைத் துணியிலேயே அச்சடித்து இருக்கும். பிளாக்ஜாக் விழுந்தால் '3-க்கு 2' வீதம் தருவது பழைய முறை. 500 ரூபாய் கட்டியவருக்கு 750 கிடைக்கும். '6-க்கு 5' என்று போட்டிருந்தால் 600-தான். உட்காரும் முன் அதைப் படிக்க வேண்டும்.

முதலாளிக்கு லாபம் எப்படி?

டீலருக்குச் சொந்த மூளை தேவை இல்லை. 16 வரை வாங்க வேண்டும், 17-ல் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் சட்டம். "அப்படியானால் நானும் டீலரைப் போலவே ஆடினால் சமம்தானே?" என்று நினைக்கலாம். நண்பரும் அப்படித்தான் நினைத்தார்.

சமம் இல்லை. முதலில் ஆட வேண்டியவர் நீங்கள்!

அந்த விதிப்படி ஆடும் கை, நூற்றுக்குச் சுமார் 28 முறை 21-ஐத் தாண்டும். இருவரும் அப்படி ஆடினால், நூற்றுக்குச் சுமார் 8 ஆட்டத்தில் இருவருமே தாண்டுவார்கள். ஆனால் உங்கள் பணத்தை அதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். டீலர் தாண்டினார் என்பதற்காக அதைத் திருப்பித் தருவது இல்லை. பிளாக்ஜாக்குக்குத் தரும் கூடுதல் பணத்தால் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் திரும்பி வரும். மிச்சம் 5½ சதவீதம் முதலாளிக்கு.

500 ரூபாய் வீதம் மணிக்கு 60 ஆட்டம் ஆடினால், கை மாறும் பணம் 30 ஆயிரம். அதில் 5½ சதவீதம் 1,650 ரூபாய். இது சராசரிதான். அன்று அதிர்ஷ்டமும் கெட்டு, தலையையும் ஆட்டினால் 10 ஆயிரம்!

இந்தப் பங்கைக் குறைக்க வழி கண்டவர்கள் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு இளைஞர்கள்: பால்ட்வின், கான்டி, மைசெல், மெக்டெர்மாட். கம்ப்யூட்டர் இல்லை. மேஜைக் கணக்கு எந்திரத்தில் தட்டித் தட்டியே கணக்குப் போட்டு, 1956-ல் வெளியிட்டார்கள். அதன்படி ஆடினால் முதலாளியின் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பிறகு தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர், வெளியேறிய சீட்டுகளை எண்ணி ஆடும் முறையை 1962-ல் புத்தகமாகவே எழுதினார். கேசினோக்காரர்கள் சும்மா இருப்பார்களா? பல கட்டுகளைச் சேர்த்துக் கலைத்தார்கள். கலைக்க எந்திரமும் வைத்தார்கள்.

அந்த நால்வர் கணக்கின் சாரம் டீலரின் திறந்த சீட்டில் இருக்கிறது. உங்கள் கையில் 16. டீலரிடம் 6. வாங்கினால், 13-ல் 8 வகைச் சீட்டு உங்களைக் கவிழ்த்துவிடும். டீலரோ 6-ல் தொடங்கினால் நூற்றுக்குச் சுமார் 42 முறை தானே கவிழ்வார். ஆகவே சும்மா இருக்க வேண்டும். அதே 16-க்கு எதிரே டீலரிடம் 7 இருந்தால், பயந்தாலும் வாங்கத்தான் வேண்டும்.

சட்டம் என்ன?

ரம்மி முக்கியமாகத் திறமை ஆட்டம் என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. அந்தத் தீர்ப்பு பிளாக்ஜாக்குக்குப் பொருந்தாது. மராட்டியத்தில் கேசினோ நடத்த 1976-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அது அமலுக்கே வராமல், 2023-ல் ரத்து ஆனது. கோவாவில் 1996-ல் செய்த திருத்தத்தால் கப்பல்களில் மேஜை ஆட்டங்கள் வந்தன. கோவாக்காரர்கள் உள்ளே ஆடுவதற்கு 2020 பிப்ரவரி முதல் தடை. ஆக, அங்கே பணம் கட்டுவது நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்கள். போனில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025-ல் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது.

நண்பர் அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. இப்போது லோக்கல் ரெயிலில் ரம்மி கோஷ்டிக்கு இதைக் கற்றுக் கொடுக்கிறார். பந்தயம் தீக்குச்சிதான். சக பயணி ஒருவர் டீலர். இருவரும் டீலர் விதிப்படியே ஆடி, 100 ஆட்டத்தை நோட்டில் குறித்திருக்கிறார்கள். இருவருமே 21-ஐத் தாண்டியது 9 முறை.

"அந்த 9 தடவையும் தீக்குச்சி அவர் பக்கம்தான் போச்சு அண்ணே" என்று நோட்டைக் காட்டினார். அதற்குள் தாதர் வந்துவிட்டது.