ஊசியும் உப்புக்காற்றும்

ஒலுவில் போன்ற கடற்கரை ஊர்களில் பழைய றெக்கோட் பிளேயருக்கு முதல் எதிரி உப்புக்காற்று. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் பின்னால் செருகியிருக்கும் 4 மெல்லிய கம்பிகளின் முனையில் பச்சை பூத்தால், ஒரு பக்கத்து ஒலி அடங்கிப்போகும். கழற்றித் துடைத்தாலே சில பெட்டிகள் மறுபடி பாடும்.

தட்டு மெதுவாகச் சுற்றுகிறதா? றப்பர் பட்டி தளர்ந்திருக்கலாம்.

துடைத்தும் பலனில்லாமல் புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்க நேர்ந்தால், அதைத் தீர்மானிப்பது கடைக்காரர் அல்ல, வீட்டிலுள்ள இசைத்தட்டுகள்தான். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் அரக்குத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு எல்.பி. ஊசியைவிட ஏறக்குறைய 3 மடங்கு பருத்த நுனி வேண்டும். மெல்லிய நுனி பள்ளத்தின் அடியில் உரசி, நாகூர் ஹனிபாவின் கம்பீரக் குரலையும் இரைச்சலில் மூழ்கடித்துவிடும்.

இன்னொன்று: காந்தவகைக் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே. பழைய செராமிக் வகையின் இடத்தில் அதைப் பொருத்துபவருக்குத் தனியாக ஒரு முன்பெருக்கியும் தேவைப்படும்.