நாலு சொட்டு, நாற்பது துண்டு

செருப்பைப் படிக்கட்டுக்குக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள், மேலே வைக்க இடமில்லை. குமாரபாளையத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருக்கிற இந்த பியூட்டி பார்லரின் முன்னறையை இந்தத் தெருப் பெண்கள் பலரும் பார்த்திருப்பார்கள். பெரிய கண்ணாடி, சுழல் நாற்காலி, சிரிக்கிற மணப்பெண் படம். நாம் போகப்போவது அந்த மஞ்சள் திரைக்குப் பின்னால்! ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முழுக்க உள்ளே நின்று பார்க்க, பார்லரை நடத்தும் அக்கா சம்மதித்துவிட்டார். யார் பெயரும் வெளியே வரக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

திரையை விலக்கியதும் கண்ணில் படுவது துண்டுகள். கொடியில், ஜன்னல் கம்பியில், நாற்காலி முதுகில், கதவுத் தாழ்ப்பாளில் என்று எங்கு பார்த்தாலும் துண்டு. எண்ணினேன், நாற்பது. லுங்கிக்கும் துண்டுக்கும் பேர்போன ஊரில் இதற்கா பஞ்சம்? மூலையில் ஒரு ஸ்டீமர் நிற்கிறது, அதன் தலையில் யாருடைய ஹெல்மெட்டோ. மூன்று டிபன் கேரியர், ஒரு பக்கெட் நிறைய வெந்நீர், பழைய பிஸ்கட் டின்னில் ஹேர்பின். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடுகிறது, டடக் டடக் டடக். அதனால் இங்கே எல்லோரும் கொஞ்சம் உரக்கத்தான் பேசுகிறார்கள். ரகசியம்கூட உரக்கத்தான்.

வேலைக்கு இருக்கிற மூன்று பெண்களில் இருவர் தறிவீட்டுப் பிள்ளைகள். சின்ன வயதில் நூலைத் தாராகச் சுற்றிப் பழகிய விரல்கள். "நூலு புடிச்ச கைங்க. த்ரெட்டிங் இவளுக்கு யாருஞ் சொல்லித் தரலை, வந்த அன்னிக்கே புருவத்தை வளைச்சுட்டா" என்று அவர்களில் ஒருத்தியைக் காட்டிச் சொல்கிறார் அக்கா. அந்தத் தார்விரல்காரி வெட்கத்தில் ஒரு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்கிறாள். முப்பத்தொன்பது.

இப்போது ஃபிரிட்ஜைத் திறக்கிறோம். மேல்தட்டில் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைப் பந்து, அதற்குப் பக்கத்தில் தோசைமாவுத் தூக்கு, அதன்மேல் சாய்ந்தபடி நாலைந்து பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள். இதுதான் நான் பார்க்க வந்த புதையல்! வைட்டமின் சி சீரம். காற்று, வெளிச்சம், வெக்கை மூன்றும் இதற்கு ஆகாது, இந்த ஊர்ச் சித்திரை வெயிலில் மேசைமேல் விட்டால் சீக்கிரமே கெட்டுவிடும். நறுக்கி வைத்த ஆப்பிள் கறுக்கிற மாதிரிதான் இதுவும் கறுக்கிறது. அக்கா ஒரு குப்பியைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிக்கிறார். "தண்ணியாட்டம் இருக்கோணும், இல்லீன்னா எளமஞ்சளா இருக்கோணும். டீ நெறத்துக்கு வந்துருச்சுன்னா சிங்க்குல ஊத்திர வேண்டியதுதானுங்." அப்படி ஊற்றும்போது அந்தப் பெண்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பால் பொங்கி வழிந்தாற்போல ஒரு 'ஐயோ'.

ஏழு மணிக்குப் படியில் கொலுசுச் சத்தம். மணப்பெண் வந்துவிட்டாள், கூடவே அம்மா, சித்தி, அம்மாயி. காவிரிப் பாலம் தாண்டி பவானியில் கல்யாண மண்டபம், சாயங்காலம் நிச்சயம், விடிந்தால் முகூர்த்தம். அம்மாயி உட்கார்ந்த உடனே மேசையில் இருக்கிற குப்பியைக் கையில் எடுத்து, "இதென்ன கண்ணு?" என்கிறார். சீரம் என்றதும் முகம் மாறிவிட்டது. "சீரமா? ஊசி போடற மருந்தா? கல்யாணப் பொண்ணுக்கு எதுக்கு ஊசி?"

அறையே சிரிக்கிறது. ஆனால் எனக்கு அம்மாயியின் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. லத்தீனில் சீரம் என்றால் பால் திரிந்தபின் மேலே நிற்கும் தெளிவு. இதைச் சொன்னதும் அம்மாயி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அட, மோர்த்தெளிவு! நாங்க அந்தக் காலத்துலயே மூஞ்சிக்குப் போட்டோமே. இதுக்கா எரநூறு முந்நூறுங்கறீங்க?" பேச்சு மஞ்சள் பூச்சுக்குத் தாவியதும், பக்கத்து ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னேன். "அதைப் பூசித்தான் நான் வளர்ந்தேன்" என்று கன்னத்தைக் காட்டினார். மோரில் இருக்கிற லாக்டிக் அமிலம் இன்றைக்குப் பல குப்பிகளின் லேபிளிலும் இருக்கிறது. மோர்த்தெளிவைப் பற்றி அம்மாயி சொன்னது தப்பே இல்லை.

சரி, பெண்ணைப் படுக்க வைத்தாயிற்று. கிட்டே வாருங்கள், இங்கேதான் பார்க்க வேண்டும். முகம் கழுவி, துண்டால் ஒற்றி, ஆனால் முழுக்க உலரவிடாமல் நிறுத்துகிறார்கள். தோலில் ஈரம் மினுங்குகிறது. இந்த ஈரத்தின்மேல்தான் ஹயலூரானிக் அமிலம் விழ வேண்டும், காய்ந்த தோலில் போட்டால் இழுக்கும். நீரைப் பிடித்துவைக்கிற பொருள் அது. 1934-இல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணின் உள்ளிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கிரேக்கத்தில் கண்ணாடியைக் குறிக்கும் சொல் இதன் பேருக்குள்ளேயே இருக்கிறது. சொட்டுக்குழாய் தோலில் படவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? பட்டால் அழுக்கு குப்பிக்குள் போய்விடும். உள்ளங்கையில் நாலு சொட்டு, இரண்டு கையையும் ஒற்றி, நெற்றி, கன்னம், தாடை, கழுத்து. தேய்ப்பது கிடையாது. ஒற்றல்தான்.

அப்புறம் எல்லோரும் சும்மா நிற்கிறார்கள். மின்விசிறி சுற்றுகிறது. எதற்காக நிற்கிறோம் என்று கேட்டேன்.

"பாவுக்குக் கஞ்சி போட்டுட்டு, காயறதுக்கு முன்னால தறியில ஏத்துவாங்களா?" என்று திருப்பிக் கேட்டார் அக்கா. "நூலு ஒட்டிக்கும், அறுந்துபோயிரும். இதுவும் அப்படித்தானுங். ஈரத்தோட அடுத்ததைப் போட்டா மூஞ்சியெல்லாம் பஞ்சு உருண்டை மாதிரி உருண்டு உருண்டு வரும்." ஆஹா! சீரம் போட்டு க்ரீம் போட்டதும் கன்னத்தில் வெள்ளை வெள்ளையாகத் திரள்கிறதே, அதற்கான விளக்கத்தை எந்த ஊரில் கேட்டிருந்தாலும் இவ்வளவு அழகாகக் கிடைத்திருக்காது. இலேசானது முதலில், கனமானது கடைசியில். சீரம், அது அடங்கியபின் மாய்ஸ்சரைசர், பகலானால் எல்லாவற்றுக்கும் மேலே சன்ஸ்க்ரீன். இவ்வளவுதான் வரிசை.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு விசேஷமாக எதுவுமே செய்யவில்லை. வைகாசியில் பத்திரிகை அடிக்கப் போகும்போதே இவளை இங்கே கூட்டிவந்துவிட்டார்கள். பருத் தழும்பின் கறை கன்னமெங்கும் இருந்ததாம். 5 சதவீத நயாசினமைடு, அதாவது வைட்டமின் பி3. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு, இரண்டு நாள் காத்திருப்பு, அரிப்பு சிவப்பு இல்லை என்றானபின்தான் முகம். அதிலிருந்து தினமும் ஒருவேளை, மூன்று மாசம். கறை மங்க எட்டிலிருந்து பன்னிரண்டு வாரமாவது ஆகும், தோல் மெதுவாகத்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். பார்லரில் நடந்தது மாசத்துக்கு ஒரு க்ளீனப். மற்றதெல்லாம் அவள் வீட்டு வாஷ்பேசினில் நடந்தது. "அவளாப் பண்ணிக்கிட்ட மூஞ்சி, எனக்கென்ன பேரு?" என்கிறார் அக்கா, ஆனால் முகமெல்லாம் பெருமை.

சித்தி சும்மா இருப்பாரா? கைப்பையிலிருந்து ரத்தச் சிவப்பில் ஒரு குப்பியை எடுத்தார். 30 சதவீத அமிலம், பத்து நிமிஷத்தில் பளபளப்பு, ஆன்லைனில் வாங்கியதாம். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கி, மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டுச் சாவியைத் திருகிவிட்டார். "கல்யாணம் முடிஞ்சு ஒரு மாசங் கழிச்சு வந்து வாங்கிக்குங்க. முகூர்த்தத்துக்கு மொத நாளு புதுசா எதையும் நான் தொடமாட்டனுங்."

அந்த இழுப்பறைக்குப் பெண்கள் வைத்திருக்கும் பெயர் ஜெயில். மதியம் கூட்டம் குறைந்ததும் எனக்காக ஜெயிலைத் திறந்தார்கள்! தயிர்சாதம் ஒரு கையில், கைதிகள் ஒரு கையில்.

முதல் கைதி ஒரு சின்ன ட்யூப். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது, மாசக்கணக்கில் ஒருத்தி முகத்துக்குப் போட்டிருக்கிறாள். சீக்கிரமே வெளுப்பு வரும், பிறகு தோல் மெலிந்து, ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரிந்து, வெயில் பட்டாலே எரியும். ஸ்டீராய்டு. 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்ததே இந்த மாதிரி முகங்களால்தான். இந்த ட்யூபைப் போட்டவளை அக்கா தொடவில்லை. சட்டென்று நிறுத்தினாலும் பொங்கும் என்பதால், நேரே ஈரோட்டுக்குத் தோல் டாக்டரிடம் அனுப்பிவைத்தார். இதைச் சொல்லும்போது மட்டும் அறையில் சிரிப்பில்லை.

இரண்டாவது, லேபிளே இல்லாத ஒரு வெள்ளை டப்பா. மூன்றாவது, லேபிள் இருக்கிறது, ஆனால் தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, லைசென்ஸ் எண் இல்லை. பாதரசம் கலந்த க்ரீம்கள் இப்படித்தான் ஊருக்குள் வருகின்றன. லேபிளில் இந்தக் குறைகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது யார் தெரியுமா? பக்கத்து வீட்டு பி.ஃபார்ம் மாணவி. ஜே.கே.கே. நடராஜா பார்மசி கல்லூரி இருக்கிற ஊராயிற்றே, தெருவுக்கு ஒரு மருந்தியல் பிள்ளை கிடைக்கும். அவர்களின் எட்டாம் செமஸ்டரில் காஸ்மெட்டிக் சயின்ஸ் என்று விருப்பப் பாடமே இருக்கிறது. அவள் மாடியேறி வந்தால் பென்சிலால் லேபிளைத் தட்டித் தட்டிப் படிப்பாளாம், இவர்கள் சுற்றி நின்று கேட்பார்களாம்.

நாலாவது கைதியைப் பார்த்து எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. ரெட்டினால் சீரம், பாதி தீர்ந்தது, மூடியில் டேப் ஒட்டி ஒரு தேதி. வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது, ராத்திரியில் மட்டும் போடுவது, கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. நாள் தள்ளிப்போன மறுநாளே ஒரு வாடிக்கையாளர் ஓடிவந்து இதை அக்கா கையில் கொடுத்தாராம். புருஷனுக்கும் மாமியாருக்கும் தெரிவதற்கு முன்னால் அந்த நல்ல சேதி தெரிந்தது இந்த அறைக்குத்தான். மூடியில் இருக்கிற தேதி அந்த நாள்தான். குழந்தை பிறந்து, இவர்கள் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாயிற்று. குப்பி காலாவதியாகிவிட்டது, தூக்கிப்போட மனசில்லை.

கரண்ட் போய்விட்டது. தறிச்சத்தமும் நின்றது. திடீரென்று இவ்வளவு அமைதி! ஸ்டீமர் வெக்கையும் சேர்ந்து எல்லோர் முதுகிலும் வியர்வை. விசிறிக்கொண்டே தார்விரல்காரி ஒரு கணக்குப் போட்டாள். 30 மில்லி குப்பி, மில்லிக்கு ஏறத்தாழ இருபது சொட்டு, ஆக 600 சொட்டு. நாளுக்கு நாலு என்றால் 150 நாள். வைட்டமின் சி திறந்தபின் மூன்று மாசம் தாங்கினாலே பெரிது. "அதனால நானும் எங்கக்காவும் கூட்டு. நாளைக்கு எட்டு சொட்டு, எழுவத்தஞ்சு நாள்ல காலி. கெடறதுக்கு முன்னால நாங்க முந்திக்குவோம்." இந்தக் கூட்டுக் கணக்கைவிட உருப்படியான யோசனையை எந்த விளம்பரமும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றரைக்குக் கரண்ட் வந்தது, கூட்டமும் வந்தது. மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர் உட்காரும் முன்பே, "பொண்ணை இன்னுங் கொஞ்சம் வெள்ளையாக்கி உடுங்க" என்றார். அறை ஒரு நொடி நின்றது. அக்கா பருத்திப் பஞ்சைக் கீழே வைத்தார். "ஏனுங்க, கலரு மாத்தறதுன்னா சாயப்பட்டறைக்குத்தானுங் போகோணும். இங்க கறைதான் எடுப்போம்." அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் கைதட்டாமல் என்னை அடக்கிக்கொள்ளப் பட்ட பாடு! 1975-இல் வந்த ஒரு முகக்க்ரீமின் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல் உதிர 2020 ஆக வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து 2009-இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் கிளம்பியதும் இதே பேச்சுக்கு எதிராகத்தான். இந்த மாடியறையில் அதற்கு ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

ஐந்தரைக்குப் பெண்ணைக் காரில் ஏற்றினார்கள். அம்மாயி போகிறபோது அக்காவின் காதில் ஏதோ கேட்டார். அக்கா ஓடிப்போய் ஒரு குட்டிக் குப்பியில் ஹயலூரானிக்கை ஊற்றி அவர் சுருக்குப்பையில் போட்டுவிட்டார். பேத்திக்குச் சொல்ல வேண்டாமாம்.

ராத்திரி ஒன்பது. நாற்பது துண்டும் பக்கெட்டில் ஊறுகின்றன. பின்னறை வாஷ்பேசின் முன்னால் மூன்று பெண்களும் வரிசையில் நின்று முகம் கழுவுகிறார்கள். காலையிலிருந்து பதினோரு முகத்தைத் தொட்ட கைகள், இப்போதுதான் தங்கள் முகத்துக்கு வருகின்றன. அக்கா ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை, நயாசினமைடு குப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசையாக வந்தார். நீட்டிய உள்ளங்கை ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு. கடைசிக் கை என்னுடையது.

"ஒத்துங்க, தேய்க்காதீங்க" என்றாள் தார்விரல்காரி. சுவருக்கு அந்தப் பக்கம் ராத்திரி ஷிப்ட் ஆரம்பித்திருந்தது. டடக் டடக் டடக். நாங்கள் நாலு பேரும் ஈர முகத்தோடு மின்விசிறிக்கு அடியில், காய்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றோம்.